சிவப்புத் தொப்பியும் உள்ளி எண்ணெயும்

எனக்கு விடுப்புக் குணம் அதிகம். யாழ்ப்பாணப் பேச்சில் விடுப்பு என்றால் வேலைக்குப் போகாமல் இருப்பதல்ல. தனக்குச் சம்பந்தமே இல்லாத விஷயத்தை அறியாவிட்டால் சோறு இறங்காது என்கிற வியாதி அது. லிஃப்டில் பக்கத்தில் நிற்பவரின் பையில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பேன். தெருவில் அம்புலன்ஸ் நின்றால் யாருக்கு என்ன என்று கேட்காமல் நகர மாட்டேன். மனைவி திருத்திப் பார்த்துக் களைத்துவிட்டாள். அந்தக் கோடையில் நடந்ததற்குப் பிறகு கொஞ்சம் மன்னித்தும்விட்டாள்.

நான் மொன்றியலில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். கோடை விடுமுறையில் பிள்ளைகள் இல்லாததால் கம்பனி எங்கள் மஞ்சள் பஸ்களை வாடகைக்கு விடும். ஒருநாள் காலை நோத்ர-டாம்-த-கிரேஸில் இருக்கும் ஒரு மாணவர் விடுதிக்குப் போய் ஒரு விளையாட்டு அணியை ஏற்றச் சொன்னார்கள். ஹொக்கி விளையாடும் பொடியள் என்று நினைத்துக்கொண்டு போனேன். வாசலில் நின்றவர்கள் எல்லாரும் மீசை முளைத்து நாளான ஆட்கள். ஒவ்வொருவரின் தோளும் கதவளவு அகலம். எட்டு வயதுப் பிள்ளைக்காகச் செய்த இருக்கையில் அவர்கள் முழங்காலை நாடியில் முட்டிக்கொண்டு உட்கார்ந்ததைக் கண்ணாடியில் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது.

"நாங்கள் ஒரு தேசிய அணி" என்று பயிற்சியாளர் ஆங்கிலத்தில் சொன்னார். சிரிக்காமல்தான் சொன்னார். நானும் சிரிப்பை விழுங்கிக்கொண்டேன்.

நாட்டின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் உங்களில் பாதிப் பேர் அதை ஒரு நகரம் என்று நினைப்பீர்கள். நடுக்கடலில் கிடக்கும் ஒரு சின்னத் தீவு நாடு. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் காரில் போக எவ்வளவு நேரம் என்று கேட்டேன். பியர்பொன்ட்ஸில் இருக்கும் என் வீட்டிலிருந்து நான் அவர்களிடம் வந்து சேர்ந்த நேரமே போதும் என்றார் பயிற்சியாளர். நெடுஞ்சாலையில் வீதி வேலைக்காரர் வைக்கும் ஆரஞ்சுக் கூம்புகள் நிற்கும் நாளா, நிற்காத நாளா என்று கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை. அடுத்த நாள் பஸ் அசையாமல் நின்றபோது தானாக விளங்கிக்கொண்டார்.

அவர்கள் விளையாடுவது வாட்டர் போலோ, மொன்றியலில் ஒரு கிழமை நடக்கும் போட்டிக்கு வந்திருந்தார்கள். தண்ணீரில் நின்றுகொண்டு பந்தை எறிந்து கோல் போடும் விளையாட்டு என்று நான் விளங்கிக்கொண்டேன். நிற்பது என்ற சொல்லே பிழை என்றார்கள். குளம் ஆழம், கால் அடியில் பட முடியாது, ஆட்டம் முழுக்க மிதந்தபடியே இருக்க வேண்டும். பந்தை ஒரு கையால்தான் பிடிக்கலாம். கோல் காப்பவருக்கு மட்டும் இரண்டு கையும் உண்டு, தலையில் சிவப்புத் தொப்பியும் உண்டு. நான் கேட்ட கேள்விகளில் பயிற்சியாளர் முதல்நாளே களைத்துப்போய் இருக்கையை மாற்றிக்கொண்டார். அந்த இடத்துக்கு வந்து உட்கார்ந்தவர்தான் அந்தச் சிவப்புத் தொப்பிக்காரர்.

அணியில் வயதில் மூத்தவர் அவர். முன்தலையில் முடி கொட்டத் தொடங்கியிருந்தது. ஊரில் பக்கத்துக் குட்டித் தீவுக்குப் போய்வரும் பயணிகள் படகில் டிக்கெட் கிழிக்கும் வேலை. மற்றவர்களும் அப்படித்தான், ஒருவர் தீயணைப்புப் படை, ஒருவர் பேக்கரி, ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார். எல்லாரும் லீவு எடுத்துக்கொண்டு வந்தவர்கள். இன்னொரு கோல் காப்பாளரும் இருந்தாராம். மனைவிக்குப் பிள்ளை பிறக்கும் நாள் என்று அவர் வரவில்லை.

சிவப்புத் தொப்பிக்காரர் எனக்கு ஒளிக்காமல் சொன்னார். இந்த அணி தங்கள் தீவுக்கு வெளியே ஓர் ஆட்டம்கூட வென்றதில்லை. அவர் இளைஞனாகச் சேர்ந்த காலத்திலிருந்து எந்த நாட்டுக்குப் போனாலும் தோல்விதான். இந்த முறையும் வெறுங்கையோடு வந்தால் இனி அணியே வேண்டாம் என்று ஊரில் மேலிடம் முடிவெடுத்துவிட்டது. பையன்களுக்கு இது இன்னும் சரியாகத் தெரியாது, அவருக்கும் பயிற்சியாளருக்கும் மட்டும்தான் தெரியும். ஏன் எனக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. விடுப்புக்காரனின் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் யாருக்கும் வாய் திறக்கும் போலும்.

அதோடு இன்னொன்றும் சொன்னார். இந்த விளையாட்டில் கரையிலிருந்து பார்ப்பது பாதிதான், மற்றப் பாதி தண்ணீருக்குக் கீழே நடக்கிறது, அதை நடுவர்கள்கூடப் பார்ப்பதில்லை என்றார். எனக்கு அது போதும். அன்றிலிருந்து அந்தக் கீழ்ப்பாதியைப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது என்ற நிலை வந்துவிட்டது.

குளத்தில் துப்புரவு வேலை செய்யும் ஹெயிட்டிக்காரர் ஒருவரோடு நான் ஏற்கெனவே சிநேகமாகியிருந்தேன். எங்கே போனாலும் வாசலில் நிற்கிறவரோடு சிநேகமாவது என் பழக்கம். என் ஆசையைச் சொன்னதும் அவர் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். நிலவறையில் குழாய்களும் இயந்திரங்களும் இரைந்துகொண்டிருந்தன. சுவரில் ஒரு தடித்த கண்ணாடி யன்னல் இருந்தது. நீந்துகிறவர்கள் கால் அடிக்கும் விதத்தைப் பயிற்சியாளர்கள் பார்ப்பதற்காக வைத்ததாம். அதில் முகத்தை ஒட்டினேன். குளத்தின் வயிறு தெரிந்தது.

மேலே பயிற்சி நடந்துகொண்டிருந்தது. கரையிலிருந்து பார்த்தபோது சோபாவில் சாய்ந்து கதைக்கிறவர்கள் போல ஆறுதலாகத் தெரிந்த ஆட்கள், கீழே ஓயாமல் உழைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு காலும் எதிரெதிராகச் சுழன்றன, கேக்குக்கு முட்டை அடிப்பது போல. ஒருவர் காலை ஒருவர் தடுத்தார்கள். ஒருவர் மற்றவரின் நீச்சலுடையைப் பிடித்து இழுத்தார். அதனால்தான் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு உடை போடுகிறார்கள் என்பது எனக்கு அப்போது விளங்கியது. மேலே முகங்கள் என்ன மரியாதையாக இருந்தன. கலியாண வீடுகளில் நான் இதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கோல் கம்பங்களுக்கு நடுவில் மட்டும் ஒரு சோடிக் கால்கள் தனியாகச் சுழன்றன. பந்து மறுமுனையில் இருந்தபோதும் அவை நிற்கவில்லை. திரும்பும் வழியில் பஸ்ஸில் அதைப் பற்றிக் கேட்டேன். கோல் காப்பவரின் கால் நின்றால் ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம் என்றார் சிவப்புத் தொப்பிக்காரர்.

முதல் ஆட்டம் தோற்றார்கள். அடுத்ததும் தோற்றார்கள். தோற்ற பிறகு அந்தப் பெரிய உருவங்கள் தலையைக் குனிந்துகொண்டு பஸ்ஸில் ஏறும். ஒருநாள் மனம் பொறுக்காமல் வழியை மாற்றி ஜான்-டலோன் சந்தைக்குக் கொண்டுபோய் இறக்கினேன். தக்காளிப்பழத்தை அப்பிள் போலக் கடித்துத் தின்றுகொண்டு திரிந்தார்கள். தங்கள் தீவுத் தக்காளிதான் திறம் என்று கடைக்காரரோடு வாதாடினார்கள். நல்ல மனிதர்கள்.

சனிக்கிழமை நடந்த ஆட்டத்தில் எதிரணிக்காரர் ஒருவர் சிவப்புத் தொப்பிக்காரரின் இடது கையைப் பிடித்துத் திருகிவிட்டார். அதுவும் தோல்வி. ஞாயிறு பின்னேரம் கடைசி ஆட்டம் மட்டும் மிஞ்சியிருந்தது.

ஞாயிறு காலை பூசைக்குப் போக வேண்டும், பக்கத்தில் கோயில் இருக்கிறதா என்று பயிற்சியாளர் கேட்டார். அவர்கள் எல்லாரும் கத்தோலிக்கர். நாங்களும் அப்படித்தான். எனக்குத் தெரிந்த பூசை எங்கள் தமிழ்ப் பூசை ஒன்றுதான், ஆகையால் அங்கேயே கொண்டுபோனேன். மொழி விளங்காவிட்டாலும் எந்த இடத்தில் எழும்ப வேண்டும், எந்த இடத்தில் முழங்காலில் இருக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சேலை கட்டிய பெண்களுக்கு முன்னால் இரண்டு நீள வாங்கில் நிறைய அந்தத் தோள்கள். எங்கள் சனம் பீடத்தைப் பார்த்ததைவிட அவர்களைத்தான் கூடுதலாகப் பார்த்தது. வியாதி எனக்கு மட்டும் இல்லை என்று ஆறுதல்பட்டேன்.

சிவப்புத் தொப்பிக்காரருக்கு நேர் பின்னால் என் மனைவி இருந்தாள். சிலுவை அடையாளம் போடும்போது அவருடைய வலது கை இடது தோளைத் தொட்டதும் உடம்பு ஒருமுறை சுருங்கியதை அவள் கவனித்திருக்கிறாள். பூசை முடியும்வரை அவளுக்கு வேறு நினைப்பில்லை.

மனைவி ஒரு கார்டரியில் குழந்தைகளைப் பார்க்கும் வேலை செய்கிறாள். யாருக்காவது எங்காவது நொந்தால் அவளால் சும்மா இருக்க முடியாது. வீட்டில் நல்லெண்ணெயும் வேப்பெண்ணெயும் உள்ளிப்பூண்டும் சேர்த்துக் காய்ச்சி, தேன் பதத்துக்கு வந்ததும் இறக்கி, அதில் ஊரிலிருந்து வந்த மடு மாதா கோயில் விளக்கு எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஒரு போத்தலில் வைத்திருப்பாள். அந்தப் போத்தல் எப்போதும் அவளுடைய கைப்பைக்குள் இருக்கும். பூசைக்குப் பிறகு கோயில் மண்டபத்தில் எல்லாரும் ரோல்ஸும் தேத்தண்ணியுமாக நின்றபோது அவள் நேரே அவரிடம் போனாள்.

"சேட்டைக் கழட்டும் தம்பி" என்றாள் தமிழில்.

நான் மொழிபெயர்த்தேன், போத்தலில் மாதா கோயில் எண்ணெய் இருப்பதையும் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். தோள், கழுத்து, முழங்கை வரை அவள் ஊறி இறங்கும்படி உருவிவிட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கையைத் தலைக்கு மேலே உயர்த்திப் பார்த்து, நம்ப முடியாமல் இன்னொருமுறை உயர்த்தினார். மண்டபமே கைதட்டியது. பயிற்சியாளர் மற்ற மூலையில் மிளகாய் கடித்துவிட்டுத் தண்ணீர் தேடிக்கொண்டிருந்தார். அவர் மட்டும் இதைப் பார்த்திருந்தால் அங்கேயே தடுத்திருப்பார்.

பின்னேரம் மனைவியும் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். தான் வைத்தியம் பார்த்த தோள் விளையாடுவதைப் பார்க்க வேண்டுமாம்.

ஆட்டத்துக்கு முன் ஒரு சடங்கு உண்டு. வீரர்கள் கரையில் வரிசையாக நின்று நடுவரிடம் கையையும் காலையும் நீட்ட வேண்டும். நகம் வளர்ந்திருந்தால் எதிராளியைக் கீறிவிடும் என்று நடுவர் விரல் விரலாகப் பார்ப்பார். தேசிய அணி நகம் காட்டி நிற்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும், ஆகவே எப்போதும் முன்வரிசையில் இருப்பேன். அன்று நடுவர் சிவப்புத் தொப்பிக்காரரின் நகத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து அவருடைய தோளைப் பார்த்தார். உள்ளங்கையை அதில் வைத்து ஒருமுறை வழித்தார். பிறகு தன் கையை மூக்கருகில் கொண்டுபோனார்.

உடம்பில் எண்ணெய் பூசிக்கொண்டு இந்த விளையாட்டில் இறங்கக் கூடாது. பிடிக்கிறவர் கை வழுக்கும், ஆகவே அது ஏமாற்று. பயிற்சியாளர் இதை எங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்றால், உலகத்தில் எந்த வாட்டர் போலோக்காரருக்கும் இதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நோகுது என்றதும் எண்ணெய்ப் போத்தலைத் தேடுகிற சனத்திடம் அவர் அதுவரை அகப்பட்டதில்லை.

நடுவர் மரியாதையாகத்தான் சொன்னார். கழுவிவிட்டு வந்தால் இறங்கலாம், ஆட்டம் மட்டும் காத்திருக்காது. சிவப்புத் தொப்பிக்காரர் குளியலறைக்கு ஓடினார். பள்ளிக்கூட வாத்தியார் சிவப்புத் தொப்பியைப் போட்டுக்கொண்டு கோலுக்குப் போனார். விசில் ஊதிய கையோடு ஒரு கோல் விழுந்தது.

நான் அவர் பின்னாலேயே குளியலறைக்குப் போனேன். சுவரில் இருந்த திரவச் சவர்க்காரத்தை அமத்தி அமத்தி அவர் தேய்த்துக்கொண்டிருந்தார். சுடுதண்ணீர் பட்டதும் உள்ளி மணம் இன்னும் எழும்பியது, எண்ணெய் மட்டும் போகவில்லை. மனைவி கைப்பக்குவம் அப்படி. வெளியே இன்னொரு கோல் விழுந்த சத்தம் கேட்டது. அவர் நெற்றியை ஓட்டுச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றார். இத்தனை வருடம் தோற்றதெல்லாம் விளையாடித் தோற்றது, இதுதான் விளையாடாமல் தோற்பது என்றார்.

ஓடிப்போய் மனைவிக்குச் சொன்னேன். அவள் முகம் வெளிறியது. அழுவாள் என்று நினைத்தேன். கைப்பையை என்னிடம் தந்துவிட்டு, கிரெப் என்கிற பிரெஞ்சுத் தோசை விற்கும் சிற்றுண்டிச் சாலைக்கு நடந்தாள். கார்டரியில் குழந்தைகளோடு பேசும் அதே பிரெஞ்சில், கன்னம் தட்டாத குறையாக, அங்கே நின்ற பெண்ணிடம் ஒரு கிண்ணம் மாவும் கோப்பை கழுவும் சவர்க்காரமும் வாங்கிவந்தாள். கோயில் பெருநாளுக்குப் பலகாரம் சுட்ட தாச்சிகளை அவள் அப்படித்தான் கழுவுவாள். முதலில் உலர்ந்த மாவு, அது எண்ணெயைக் குடித்த பிறகுதான் சவர்க்காரம்.

தாழ்வாரத்து வாங்கில் அவரை இருத்தி மாவைப் பூசி உருட்டி எடுத்தாள். அவர் பொரிக்க வைத்த மீன் போல வெள்ளையாக உட்கார்ந்திருந்தார். பாதியில் அவளுடைய கையைப் பிடித்து நிறுத்தி என்னைப் பார்த்தார். இந்த எண்ணெயில் மாதா கோயில் எண்ணெய் இருக்கிறது என்று காலையில் நீதானே சொன்னாய், அதைக் கழுவலாமா என்று கேட்டார். ஆட்டம் அப்படிப் போய்க்கொண்டிருந்த நேரத்திலும் அவருக்கு அது பெரிய கேள்வியாக இருந்தது.

அவருடைய கேள்வியை நான் தமிழில் சொன்னதும் மனைவி மாவுக் கையை உதறினாள்.

"உள்ளுக்கை போனது உள்ளுக்கை போனதுதான் எண்டு சொல்லுங்கோ. வெளியிலை நிக்கிறதைத்தான் நான் துடைக்கிறன்."

நான் சொன்னேன். அவர் கையை விட்டார்.

ஆட்டத்தின் முதல் கால் பகுதி முடிந்தபோது எதிரணி மூன்று கோல் முன்னுக்கு நின்றது. நடுவர் மறுபடி வந்து தோளை வழித்துப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். தலையை ஆட்டினார். சிவப்புத் தொப்பி வாத்தியார் தலையிலிருந்து உரியவர் தலைக்குப் போனது.

அதன் பிறகு நடந்ததை நான் ஒழுங்காகச் சொல்ல முடியாது, ஏனென்றால் பாதி நேரம் மனைவி என் கையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். பந்து வந்து வந்து அந்தத் தோளிலும் கையிலும் பட்டுத் திரும்பியது. தீயணைப்புக்காரர் ஒரு கோல் போட்டார். பேக்கரிக்காரர் இரண்டு. கடைசிக் கால் பகுதி தொடங்கும்போது சமமாகிவிட்டது. நான் எழும்புவதும் இருப்பதுமாக நின்றேன். ஹெயிட்டிக்காரர் கதவடியில் நின்று சாவியைக் காட்டிக் கண்ணடித்தார்.

மனைவியைப் பார்த்தேன்.

"போங்கோ. இஞ்சை நிண்டு என்ரை உயிரை வாங்காதேங்கோ" என்றாள்.

எங்கள் ஆட்கள் ஒரு கோல் முன்னுக்குப் போனதைப் படியில் இறங்கும்போதே கேட்டேன், மனைவியின் குரல் அவ்வளவு சத்தம். அதன் பிறகு நிலவறைக்குள் இயந்திரங்களின் இரைச்சல் மட்டும்தான். யன்னலில் முகத்தை ஒட்டினேன். கோல் பக்கத்தில் கால்கள் பின்னிக் கிடந்தன, இழுபட்டன, உதைபட்டன. நேரம் எவ்வளவு மிச்சம் என்று தெரியவில்லை. திடீரென்று எல்லாக் கால்களும் ஆறுதலாகின. ஒவ்வொன்றாகக் கோலைவிட்டு விலகி ஒதுங்கின. கோலுக்கு நேரே கொஞ்சத் தூரத்தில் ஒரு சோடி, கோல் கோட்டில் ஒரு சோடி, அவ்வளவுதான். பெனால்டி என்று எனக்கே விளங்கியது. எறிகிறவரும் காக்கிறவரும் மட்டும். அதை விட்டால் மறுபடி சமம். சமநிலையோடு ஊருக்குப் போனால் அதை வெற்றி என்று யாரும் எழுதப் போவதில்லை.

மேலே ஓடலாமா என்று நினைத்தேன். ஓடினால் படியில் நிற்கும்போதே முடிந்துவிடும். அங்கேயே நின்றேன். அவருடைய கால்கள் சுழன்றுகொண்டே இருந்தன. பிறகு ஒரே உதையில் உடம்பு முழுக்க மேலே போனது, முழங்கால்தான் எனக்கு மிஞ்சியது. தண்ணீர் கலங்கி வெள்ளையானது. உடம்பு திரும்பக் கீழே வந்தது.

கால்கள் நின்றிருந்தன.

அந்தக் கிழமை முழுக்க நான் பார்த்த அளவில் அவை நின்றதில்லை. கோல் காப்பவரின் கால் நின்றால் முடிந்தது என்று அவரே சொன்னது காதுக்குள் கேட்டது. மனைவிக்கு என்ன சொல்லித் தேற்றுவது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன். வலைக்குள் பந்தைத் தேடினேன், நுரையில் ஒன்றும் தெரியவில்லை.

அப்போது குளத்தின் மறுமுனையிலிருந்து கால்கள் வந்தன. ஒரு சோடி, இன்னொரு சோடி, கரையிலிருந்து குதித்தவை வேறு. பயிற்சியாளரின் சப்பாத்துப் போட்ட காலும் அதற்குள் இருந்தது, ஆட்டம் நடக்கும்போது அவர் குதிக்க மாட்டார். எல்லாம் நீந்திவந்து அந்த அசையாத கால்களைச் சுற்றிக் கட்டிக்கொண்டன. அந்தப் பாரம் அவரைத் தண்ணீருக்குள் அமுக்கியது. சிவப்புத் தொப்பி கீழே வந்தது, அதன்கீழே முகம் வந்தது. கண்ணைத் திறந்தவர் கண்ணாடிக்குப் பின்னால் என்னைக் கண்டார்.

இடது கையைத் தூக்கினார், தோளிலிருந்து முழுவதாக, வலி இல்லாமல். உள்ளங்கையைக் கண்ணாடியை நோக்கி விரித்துக் காட்டினார். பந்து பட்ட இடம் சிவந்திருந்தது.

நானும் என் கையைக் கண்ணாடியில் வைத்தேன். அன்று மேலே போய் நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.